பச்சை வெளிச்சம் எவ்வளவு சொல்லும்?

இயற்பியல் வரலாற்றின் பிரபலமான புள்ளி ஒன்று அச்சில் இல்லவே இல்லை. 1961 ஆகஸ்ட் 15 தேதியிட்ட 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழைத் தேடி எடுத்தால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று சகாக்களும் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று கிடைக்கும். அதில் ஒரு புகைப்படத் தகட்டின் படம். அலைநீள அளவுகோல், ரூபி லேசரின் சிவப்பு ஒளி விழுந்த பெரிய திட்டு, அப்புறம் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டுகிற இடம் காலி. அங்கே இருந்த சிறு புள்ளியை அழுக்கு என்று நினைத்து அச்சுக்குப் போகும் முன்னால் யாரோ துடைத்துவிட்டார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.

அந்தப் புள்ளிதான் கட்டுரையே. 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்தபோது, சரிபாதியான 347 நானோமீட்டரில் புற ஊதா ஒளி கொஞ்சம் வெளியே வந்தது. கொஞ்சம் என்றால் உள்ளே போனதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: நீங்கள் கீழ் சட்ஜமத்தை மட்டும் பாட, அறை மேல் சட்ஜமத்தையும் சேர்த்துத் திருப்பித் தந்த மாதிரி. அதுவரை கண்ணாடியோ தண்ணீரோ வைரமோ, எதற்குள் அனுப்பினாலும் ஒளி வளைந்தது, சிதறியது, மங்கியது. தன் அதிர்வெண்ணை இப்படி இரட்டித்துக்கொண்டதில்லை. முந்தைய வருஷம்தான் மெய்மன் முதல் லேசரை எரிய வைத்திருந்தார். அவ்வளவு அடர்த்தியான ஒளி கைக்குக் கிடைத்ததும் பொருள்களின் இன்னொரு குணம் வெளியே வந்துவிட்டது. உள்ளே வரும் ஒளியின் நிறத்தையே பொருள் மாற்றிவிடுகிற இந்தச் சங்கதியைப் படிக்கும் துறை, நேரிலா ஒளியியல் (நான்லீனியர் ஆப்டிக்ஸ்), அங்கே பிறந்தது.

அதே 1961-ன் ஜூலையில், வேறொரு உலகத்தில், 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வில்லியம் கேனல் என்ற இளம் மருத்துவரும் தாமஸ் டாபரும் சகாக்களும் ஆறு வருஷக் கண்காணிப்பின் முடிவை எழுதினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்வு அது. 5,209 பேரை, நோய் வரும் முன்பே, வரிசையாக நிற்க வைத்து ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்தார்கள். அழுத்தமும் கொலஸ்டிராலும் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோய் பல மடங்கு அதிகமாக வந்தது. இன்று எந்த டாக்டரிடம் போனாலும் காதில் விழுகிற 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற பேச்சு, ஆபத்துக் காரணி என்று நாம் எழுதுவது, மருத்துவத்தில் ஊன்றியது அந்தக் கட்டுரைக்குப் பிறகு.

ஒரே வருஷத்தில் இரண்டும் வந்தது தற்செயல். ஆனால் இரண்டு துறைகளும் தங்கள் முடிவைச் சொல்லும் தோரணை ஒன்று: 'இத்தனை மடங்கு'. எதைவிட இத்தனை மடங்கு? இருக்கட்டும், அதனால் என்ன? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் ஓடிப்போன ஆய்வுகள் இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. படிகப் பக்கத்தில் நானே கொஞ்ச காலம் குடியிருந்திருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்தேன். எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் 'கிரிஸ்டல் குரோத்' என்பார்கள். தமிழ்நாட்டில் இயற்பியல் ஆராய்ச்சி செய்த என் தலைமுறைக்கு இது வியப்பாக இருக்காது. கோடிகள் கொட்டி வாங்க வேண்டிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பீக்கர், காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு அமினோ அமிலம், ஓர் உப்பு, மேக்னெடிக் ஸ்டிரர். தண்ணீரில் இனி கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, வடிகட்டி, பீக்கர் வாயை பாலிதீன் ஷீட்டால் கட்டி, ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, யாரும் இடிக்காத மூலையில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் மெதுவாக ஆவியாகும். சில வாரங்களில் அடியில் கண்ணாடித் துண்டு போல ஒன்று உட்கார்ந்திருக்கும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, நூலில் கட்டி, விதையாகத் தொங்கவிட்டுப் பெரிதாக்கலாம். ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலுக்குப் படிகம் அவசரப்பட்டு வளர்ந்து பால் வெள்ளையாகிவிடும். அதனால் எங்கள் ஊரில் மார்கழிப் படிகத்துக்குத் தனி மரியாதை.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு உண்மையான பெயர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்திலிருந்து வந்தவர்கள் மாநிலம் முழுக்கப் பாடம் நடத்துகிறார்கள். ஒரே திசையில் மட்டும் படிகத்தைத் தடியாக வளர்க்கும் முறை ஒன்றுக்கு உலகம் முழுவதும் சங்கரநாராயணன்–ராமசாமி முறை என்று பெயர், 2005-ல் வெளியானது. படிகத்தால் பயனும் உண்டு. அமெரிக்காவின் லிவர்மோரில் அணுக்கரு இணைவுக்காகக் கட்டிய ராட்சத லேசர்க் கூடத்தில், அகச்சிவப்பு ஒளியைப் புற ஊதாவாக மாற்றுவது கேடிபி என்கிற பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகங்கள். அதுவும் தண்ணீர்க் கரைசலிலிருந்து வளர்ந்த படிகம்தான், எடை மட்டும் நூற்றுக்கணக்கான கிலோ. திருவிழாக் கடையில் விற்கும் பச்சை லேசர் பேனாவுக்குள்ளும் பொடிசாக ஒரு படிகம் 1064 நானோமீட்டரை 532 ஆக்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாப் படிகமும் இதைச் செய்யாது. படிகத்தின் நடுவில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அணுவுக்கும் நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் அதே வகை அணு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மையச் சமச்சீர் கொண்டது. அதற்குள் எலக்ட்ரான்களை இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்ப்பு ஒன்றுதான்; இரட்டை அதிர்வெண் பிறக்க வழியில்லை. அந்தச் சமநிலை குலைந்த படிகத்தில்தான் எலக்ட்ரான் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சிரமப்பட்டும் அசையும். அந்த ஓரவஞ்சனையிலிருந்துதான் புதிய நிறம் வருகிறது.

இருக்கிறதா இல்லையா என்று பார்க்க 1968-ல் கர்ட்ஸ், பெர்ரி இருவரும் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். படிகத்தை அரைத்துப் பொடியாக்கி, மெல்லிய குழாயில் அடைத்து, கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசரை அதன் மேல் அடியுங்கள். பச்சை தெரிந்தால் சமச்சீர் இல்லாத படிகம். எங்கள் பொடி எல்லாம் பெங்களூர் ஐஐஎஸ்சிக்குப் போகும். திரும்பி வரும் தாளில் பச்சை ஒளியின் அளவு இத்தனை மில்லிவோல்ட் என்றும், பக்கத்திலேயே கேடிபிக்கு இத்தனை என்றும் இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசி வரி ரெடி: 'இந்தப் புதிய படிகத்தின் செயல்திறன் கேடிபியைவிட 1.3 மடங்கு.' ஹாஸ்டலில் அன்று யாராவது பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

அந்த வரியில் சிக்கல் 'புதிய' என்ற இடத்தில் இருக்கிறது. கிளைசினை எடுத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்களிலேயே சிறியது, மலிவானது, அதனால் எங்கள் எல்லோருக்கும் பிரியமானது. வெறும் தண்ணீரில் வளர்த்தால் பெரும்பாலும் ஆல்பா கிளைசின் வரும். அது சமச்சீர் உள்ளது, பச்சை தராது. கொஞ்சம் சோடியம் குளோரைடு சேர்த்து வளர்த்தால் காமா கிளைசின் வரும். அது சமச்சீர் இல்லாதது, பச்சை தரும். உப்பு படிகத்துக்குள் போவதில்லை. கரைசலில் இருந்துகொண்டு கிளைசின் அடுக்கிக்கொள்ளும் விதத்தை மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. இப்போது ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கிளைசினும் உப்பும் கலந்து வைக்கிறார், படிகம் வருகிறது, பச்சையும் வருகிறது. பீக்கரில் போட்டது இரண்டு பொருள் என்பதால் கிடைத்ததும் இரண்டும் சேர்ந்த புதுச் சேர்மம் என்று பெயர் வைத்துவிடுகிறார். ஜப்பானின் யோய்ச்சி இட்டாகா காமா கிளைசினின் அமைப்பை முழுசாக எழுதி வெளியிட்டது 1961-ல். பார்த்தீர்களா, திரும்பவும் அதே வருஷம்.

2010-ல் மைக்கேல் ஃபிளெக், ஆரம் பெட்ரோசியன் என்ற இருவர் 'ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் குரோத்' இதழில் இந்த மாதிரிக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் பிரித்துப் போட்டார்கள். அமினோ அமில உப்பு என்று அறிவிக்கப்பட்ட பலவும் பழைய தெரிந்த பொருள்களே என்று காட்டினார்கள். கோவா பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் பி.ஆர். சீனிவாசனும் வருஷக்கணக்காக அதே வேலையைச் சலிக்காமல் செய்தார். இப்படிப்பட்ட ஆட்களைத் துறையில் யாருக்கும் பிடிக்காது. வைவா அன்று இவர்கள் பெயரை எடுத்தால் அறை கொஞ்சம் இறுகும். ஆனால் அவர்கள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. பச்சை வெளிச்சம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பொடியில் சமச்சீர் இல்லாத ஏதோ இருக்கிறது. அது என்ன பொருள் என்று அது சொல்லவில்லை. தெரிய வேண்டுமானால் ஒற்றைப் படிக எக்ஸ்ரே எடுத்து, அணு அணுவாக இடம் குறித்து, பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மடங்குக் கணக்கும் அப்படித்தான். பொடியின் துகள் அளவு மாறினால் எண் மாறும். கேடிபிக்குப் பதில் யூரியாவோடு ஒப்பிட்டால் அதே படிகம் ஏழையாகிவிடும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்கு எங்கள் அத்தை காரணம்.

பாளையங்கோட்டையில் இருக்கிறார், ஐம்பது தாண்டியவர், ஒல்லி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் பயந்துபோய், மகளைக் கூட்டிக்கொண்டு போய் மேமோகிராம் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "ஏட்டி, இதுல சி-ன்னு போட்டிருக்கு. அப்ப நான் பெயிலா?" என்றார். கட்டி எதுவும் இல்லை என்றுதான் முதல் வரியே சொன்னது. சி என்பது அடர்த்தியின் வகை. மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் அதைத் தாங்கும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு என்பதைப் பொறுத்து, குறைவிலிருந்து கூடுதலாக ஏ, பி, சி, டி. "பெயிலெல்லாம் இல்ல அத்தை, அது பிளட் குரூப் மாதிரி ஒரு வகை" என்று சொன்னேன். மகள் அதற்குள் போனில் தேடி, 'அடர்த்தி இருந்தால் புற்றுநோய் ஆபத்து நாலஞ்சு மடங்கு' என்று வாசித்துவிட்டாள். அத்தை முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு அந்த 1.3 மடங்கு ஞாபகம் வந்தது.

எதைவிட?

மார்பு அடர்த்திக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை முதலில் பெரிதாகப் பேசியவர் டெட்ராய்டைச் சேர்ந்த கதிரியலாளர் ஜான் வுல்ஃப், 1976-ல். முப்பது வருஷம் கழித்து, 2007-ல், டொராண்டோவின் நார்மன் பாய்டும் சகாக்களும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்ணைத் தந்தார்கள். 75 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, 10 சதவீதத்துக்கும் கீழே உள்ளவர்களைவிட, வாய்ப்பு 4.7 மடங்கு. ஒரு கோடியில் நிற்பவரை எதிர்க் கோடியில் நிற்பவரோடு ஒப்பிட்ட எண் இது. அத்தை இரண்டு கோடியிலும் இல்லை, நடுவில் நிற்கிறார். நாற்பது கடந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சி, டி வகைக்குள் வருகிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. நடுவில் நிற்கும் சி-காரரைச் சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கொஞ்சம்தான். எண் பொய்யில்லை, ஒப்பீட்டுக்கு யாரை நிறுத்தினார்கள் என்பதைக் கூகுள் முதல் வரியில் சொல்வதில்லை.

இந்த மாதிரி ஒப்பீட்டை முதன்முதலாக ஒழுங்காகச் செய்தவர் ஒரு பெண் என்பதைச் சொல்லாமல் நகர மனசில்லை. ஜேனட் லேன்-கிளேபான், இங்கிலாந்து, 1926. மார்புப் புற்றுநோய் உள்ள 500 பெண்கள், இல்லாத 500 பெண்கள், இருவருக்கும் ஒரே கேள்விப் பட்டியல். குழந்தை இல்லாமை, தாமதமான திருமணம், பால் கொடுக்காதது என்று நாம் இன்றும் சொல்கிற காரணிகள் அதில் அப்போதே வந்துவிட்டன. 1929-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டார். மணமான பெண்களுக்கு இடமில்லை என்ற அரசுப்பணி விதிப்படி வேலை போயிற்று. ஆபத்துக் காரணிகளைக் கண்டுபிடித்தவருக்குத் திருமணமே காரணியாகிவிட்டது.

சரி, அந்த வெள்ளையில் இருப்பது என்ன? பெரும்பகுதி கொலாஜன். நம் உடம்புப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தோல், எலும்பு, தசைநாண், கருவிழி எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் நார். இங்கே என் இரண்டு உலகங்களும் முட்டிக்கொண்டன. கொலாஜன் ஒரு நேரிலா ஒளியியல் பொருள். லேசர் அடித்தால் பாதி அலைநீளத்தில் ஒளி தரும்.

கொலாஜன் இழை மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு. அந்த வடிவத்தைக் கண்டது சென்னையில், கிண்டியில். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. பார்வையிட வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றால் கொலாஜன்தான், ஆலோசனைக்கும் மாதிரிக்கும் அலைய வேண்டாம். கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த வருஷம் சங்கிலிகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்வதாகத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகள் அவ்வளவு நெருக்கமாக உட்கார வேண்டுமானால், மூன்றுக்கு ஒரு இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தே ஆக வேண்டும். ஆமாம், கிளைசின். என் பீக்கரில் இருந்த அதே ஆள்.

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஓடும். கிண்டியிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், சர்தார் படேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகம் வரும், படிகம் வளர்க்கிறார்கள். ஒட்டியே ராமச்சந்திரன் வேலை பார்த்த கிண்டி வளாகம். தோல் ஆராய்ச்சி நிறுவனம். கொஞ்ச தூரத்தில் அடையாறு புற்றுநோய் நிலையம். முத்துலட்சுமி ரெட்டி அதைக் குடிசைகளும் 12 படுக்கைகளுமாகத் தொடங்கியது 1954 ஜூனில். கொலாஜன் கட்டுரை வந்தது அந்த ஆகஸ்டில். ஒரு டிக்கெட் தூரத்துக்குள் இருக்கும் இந்த வேலைகள் ஒன்றோடொன்று பேச வருஷங்கள் பிடித்தன. பேசத் தொடங்கிய இடமும் இந்தச் சாலை அல்ல.

ஃபிராங்கனின் புள்ளிக்குப் பத்து வருஷம் கழித்து, 1971-ல், ஃபைன், ஹான்சென் இருவரும் உயிர்த்திசுவில் லேசர் அடித்து இரட்டை அதிர்வெண்ணைப் பார்த்தார்கள். 1986-ல் இஸ்ரேலின் ஃபிராய்ண்டும் சகாக்களும் எலி வாலின் நாணை இந்த ஒளியைக் கொண்டே வரைபடம் எடுத்தார்கள். நார்கள் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று அடுக்கியிருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. சாயம் எதுவும் வேண்டாம், பொருளே ஒளிர்கிறது. முறுக்கு அவிழ்ந்தால் ஒளியும் போய்விடும். ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் இறுகுகிறதே, அந்த ஜெலட்டினும் கொலாஜனிலிருந்து வந்ததுதான், ஆனால் வேகவைத்ததில் அடுக்கு கலைந்துவிட்டதால் அது இருட்டு.

பெரிய பாய்ச்சல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்தது. மேடிசன் நகரின் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கீலி, கெவின் எலிசெய்ரி, பவுலோ புரோவென்சானோ குழு, மார்புக் கட்டியைச் சுற்றிய கொலாஜனை இந்த ஒளியில் பார்த்து 2006-ல் மூன்று கோலங்களை விவரித்தது. முதலில் கட்டியைச் சுற்றி நார் அடர்த்தியாகிறது. பிறகு நார்கள் நிமிர்ந்து, கட்டியின் விளிம்பை ஒட்டி இறுக்கமாக ஓடுகின்றன. மூன்றாவதில் விளிம்புக்குச் செங்குத்தாகத் திரும்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. புற்றுச் செல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகின்றன. 2011-ல் மேத்யூ காங்க்ளின் முதல் ஆசிரியராக வந்த கட்டுரையில் 196 நோயாளிகளின் பழைய ஸ்லைடுகளை எடுத்து 890 நானோமீட்டர் லேசரை அடித்தார்கள். இங்கே வருவது பச்சை இல்லை, 445-ல் நீலம். மூன்றாவது கோலம் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதும் அதனால் இறப்பதும் மூன்று மடங்குக்கு மேல். கட்டியின் அளவு, கிரேடு, நெறிக்கட்டு, ஹார்மோன் ஏற்பிகள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த எண் நின்றது.

எனக்கு அந்தக் கட்டுரையைவிட அதே குழுவின் 2008-ஆம் வருஷக் கட்டுரை பெரிது. இரண்டாவது கேள்வியை அதுதான் கேட்டது: அதனால் என்ன? அடர்த்தியும் நோயும் சேர்ந்து வருகின்றன, சரி. அடர்த்திதான் நோயைக் கொண்டுவருகிறதா, அல்லது வேறொன்று இரண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறதா? மனிதர்களைக் கண்காணித்துக்கொண்டே இருந்தால் இதற்கு விடை கிடைப்பது கஷ்டம். வயது ஏற ஏற மார்பு அடர்த்தி குறையும், ஆனால் நோயின் வாய்ப்பு கூடும். உடல் எடை கூடினால் கொழுப்பு சேர்ந்து அடர்த்திச் சதவீதம் இறங்கும், ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு அந்த எடையே ஒரு காரணி. வெறும் எண்களை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் தலைசுற்றிப் போவார். மேடிசன்காரர்கள், கொலாஜனை உடம்பு வழக்கம்போல வெட்டி அகற்ற முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளை எடுத்தார்கள். மற்ற எல்லாம் ஒன்று, நார் மட்டும் கூடுதல். அந்த எலிகளில் கட்டிகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. படிகக்காரர்களுக்கு ஒற்றைப் படிக எக்ஸ்ரே எதுவோ, இவர்களுக்கு இது. எலி வேறு, பெண் வேறு என்ற ஆட்சேபம் நியாயமானது. பெண்களிடம் நடந்த ஒன்றும் உண்டு: ஜாக் குசிக் குழு 2011-ல் காட்டியபடி, தடுப்புக்காக டமாக்சிபென் சாப்பிட்டவர்களில் அடர்த்தி 10 சதவீதமாவது குறைந்தவர்களுக்கு ஆபத்து 63 சதவீதம் குறைந்தது, அந்த அளவுக்குக் குறையாதவர்களுக்கு மாத்திரையால் பலனே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால், அடர்த்தி வெறும் உடன்வருகை அல்ல என்று நான் நம்புகிறேன். முழுக் கதையும் அதுவே என்று நம்பவில்லை.

அடர்த்தியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, நடைமுறைக்கு அதுதான் முக்கியம். கட்டியும் வெள்ளை, நாரும் வெள்ளை. சி, டி வகைக்காரர்களுக்குக் கட்டி இருந்தாலும் படத்தில் ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் அடர்த்தியைச் சொல்லியாக வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். சொல்வது நல்லதுதான். ஆனால் கையில் ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, எதைவிட, அதனால் என்ன என்ற இரண்டுக்கும் பதில் கொடுக்காமல் அனுப்பினால் அத்தைகள் எல்லாம் கூகுளிடம்தான் போவார்கள்.

இதில் பாதியைத்தான் அத்தையிடம் சொன்னேன். எடை கூடினால் சதவீதம் இறங்கும் என்ற இடத்தில் குறுக்கே புகுந்தார்: "அப்ப நல்லா தின்னு வெயிட் போட்டா பி ஆயிருமா?" ஆகலாம், ஆனால் அதனால் ஆபத்து குறையாது என்றேன். "அப்ப இது என்ன கணக்குட்டி?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை தொற்றுநோயியல் வகுப்புகள் தேவைப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த லேசரை வைத்து எனக்குப் பார்க்க முடியாதா என்றும் கேட்டார். முடியாது. அந்த ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாகப் போகாது. அறுத்து எடுத்த சதையை மெல்லிய ஸ்லைடாக்கினால்தான் படம். அவரிடம் அறுக்க ஒன்றும் இல்லை, அது நல்ல செய்தி. இந்தியாவில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற திட்டமும் இல்லை. கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைத்தான் அரசு பரிந்துரைக்கிறது. அது சும்மா ஒப்புக்கு இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இறப்பு உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அத்தைக்கு அந்த வயது. பயிற்சி பெற்ற செவிலியர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்.

டாக்டர் சொன்னபடி அல்ட்ராசவுண்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டை அத்தை பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார். மகளை மட்டும் இனிமேல் போனை எடுக்காமல் வரச் சொல்லியிருக்கிறாராம்.